கிராஃபீனும் எம்ஓஎஃப்பும் சேர்ந்த மின்வினையூக்கிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலோக-கரிமச் சட்டகங்களை, அதாவது ஆய்வகப் பேச்சில் எம்ஓஎஃப் எனப்படுபவற்றை, கிராஃபீனுடன் இணைத்து மின்வினையூக்கி தயாரிப்பது குறித்து முதுகலை மாணவர்களும் ஆய்வில் புதிதாக நுழைந்தவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இளநிலை வேதியியல் தெரிந்திருந்தால் போதும், தொடர்ந்து படிக்கலாம்.

மின்வினையூக்கி எதற்குத் தேவைப்படுகிறது?

தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க 25 டிகிரி செல்சியஸில் 1.23 வோல்ட் போதும் என்கிறது வெப்ப இயக்கவியல். ஆனால் அந்த மின்னழுத்தத்தில் மின்முனையில் குமிழி எதுவும் வராது. வினை ஓடத் தொடங்க அதற்கு மேலும் கொடுக்க வேண்டும். இந்தக் கூடுதலுக்கு மிகைமின்னழுத்தம் என்று பெயர். அதைக் குறைப்பதுதான் மின்வினையூக்கியின் வேலை.

இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படும் வினைகள் நான்கு: ஹைட்ரஜன் வெளியேற்றம், ஆக்சிஜன் வெளியேற்றம், ஆக்சிஜன் ஒடுக்கம், கார்பன் டைஆக்சைடு ஒடுக்கம். முதலாவதிலும் மூன்றாவதிலும் பிளாட்டினத்தை மிஞ்சுவது கடினம். அமில ஊடகத்தில் ஆக்சிஜனை வெளியேற்ற இரிடியம் ஆக்சைடைத்தான் நம்பியிருக்கிறோம். உலகம் முழுவதும் ஆண்டுக்கு எடுக்கப்படும் இரிடியம் பத்து டன்னைக்கூட எட்டுவதில்லை. கோபால்ட், நிக்கல், இரும்பு, தாமிரம் ஆகியவற்றை வைத்து அதே வேலையைச் செய்துவிட முடியுமா என்ற தேடலில்தான் எம்ஓஎஃப்கள் வந்து சேர்ந்தன.

எம்ஓஎஃப் என்பது என்ன?

உலோக அயனிகளோ அவற்றின் சிறு கொத்துகளோ முடிச்சுகளாக இருக்க, கரிம மூலக்கூறுகள் அவற்றை இணைத்துக் கட்டும் படிகம். உள்ளே ஒழுங்கான நுண்துளைகள் இருக்கும். 1989-இல் ரிச்சர்ட் ராப்சன் தாமிர அயனிகளைக் கொண்டு தொடங்கிவைத்த சிந்தனை இது. சுசுமு கிடகாவாவும் ஓமர் யாகியும் அதை வளர்த்தெடுத்தார்கள். மூவருக்கும் 2025-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1999-இல் யாகி குழு வெளியிட்ட எம்ஓஎஃப்-5, துத்தநாகமும் டெரிஃப்தாலிக் அமிலமும் சேர்ந்தது. மின்வினையூக்க ஆய்வில் அதிகம் எதிர்ப்படுபவை ஜிஃப்-8, ஜிஃப்-67 இரண்டும். இரண்டிலும் இணைப்பான் 2-மெத்தில்இமிடசோல். முன்னதில் உலோகம் துத்தநாகம், பின்னதில் கோபால்ட்.

ஒரு கிராமுக்கு 7,000 சதுர மீட்டருக்கும் மேல் பரப்பளவு கொண்ட எம்ஓஎஃப்கள் உண்டு. உலோக அணுக்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தனித்தனியாக, தெரிந்த இடத்தில், தெரிந்த சூழலில் இருக்கின்றன. வினையூக்கி வடிவமைப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அப்படியானால் எம்ஓஎஃப்பை மட்டும் பயன்படுத்தலாமே, கிராஃபீன் எதற்கு?

பெரும்பாலான எம்ஓஎஃப்கள் மின்கடத்தாப் பொருள்கள். உலோகத்துக்கும் கார்பாக்சிலேட்டுக்கும் இடையிலுள்ள பிணைப்பில் எலெக்ட்ரான்கள் ஓரிடத்திலேயே தங்கிவிடுகின்றன. அறைகள் ஆயிரம் கட்டிவிட்டு மின்கம்பி இழுக்காமல் விட்ட வீடு போன்றது அது. நுண்துளைக்குள் ஆயிரக்கணக்கான உலோக மையங்கள் இருந்தாலும் மின்முனையிலிருந்து எலெக்ட்ரான் போய்ச் சேராத மையம் மின்வினையூக்கத்தில் கணக்கில் வராது.

கிராஃபீன் இதற்கு நேர் எதிர். ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள். 2004-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் ஒட்டுநாடா கொண்டு கிராஃபைட்டிலிருந்து உரித்தெடுத்தார்கள். 2010-இல் இயற்பியல் நோபல் பெற்றார்கள். எலெக்ட்ரான்கள் அதில் தங்குதடையின்றி ஓடும். கோட்பாட்டளவில் ஒரு கிராமுக்கு 2,630 சதுர மீட்டர் பரப்பு. ஆனால் குறையில்லாத கிராஃபீனின் பரப்பில் ஆக்சிஜனோ ஹைட்ரஜனோ வினைபுரியத் தோதான இடம் ஏறக்குறைய இல்லை. போதாக்குறைக்கு, உலர்த்தினால் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மறுபடியும் கிராஃபைட் போலாகிவிடும்.

இரண்டையும் சேர்த்தால் தாள்களுக்கு நடுவே எம்ஓஎஃப் படிகங்கள் இடைவெளியைக் காக்கும். படிகங்களுக்குத் தாள்கள் மின்பாதை தரும். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும் என்ற இந்த எதிர்பார்ப்பு நியாயமானதே. பல இடங்களில் அது நிறைவேறியும் இருக்கிறது.

இந்த யோசனை எப்போது தொடங்கியது?

கிராஃபைட் ஆக்சைடையும் எம்ஓஎஃப்பையும் இணைக்கும் வேலை 2009 வாக்கில் வாயு உறிஞ்சும் பொருள்களுக்காகத் தொடங்கியது. அம்மோனியா போன்ற வாயுக்களைப் பிடித்து வைப்பதுதான் அப்போதைய குறிக்கோள். மின்வினையூக்கத்துக்கு அது வந்ததில் முக்கியமான புள்ளி 2012. அந்த ஆண்டு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு ஒன்று இரும்பு-போர்ஃபிரின் சட்டகத்தைப் பிரிடின் தொகுதிகள் ஏற்றிய கிராஃபீனுடன் இணைத்து ஆக்சிஜன் ஒடுக்கத்துக்குப் பயன்படுத்தியது. அதன் பிறகு இத்துறையில் வந்து குவிந்த கட்டுரைகளுக்கு அளவில்லை.

கட்டுரைகளில் ‘கிராஃபீன்’ என்று எழுதியிருப்பது உண்மையில் கிராஃபீன்தானா?

பெரும்பாலும் இல்லை. கிராஃபீன் ஆக்சைடு, அல்லது அதை ஒடுக்கிப் பெற்ற பொருள். ஹம்மர்ஸ், ஆஃப்மன் இருவரும் 1958-இல் வெளியிட்ட முறையில், அடர் கந்தக அமிலத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கொண்டு கிராஃபைட்டை ஆக்சிஜனேற்றம் செய்வார்கள். தாளெங்கும் எபாக்சி, ஹைட்ராக்சில் தொகுதிகளும் ஓரங்களில் கார்பாக்சில் தொகுதிகளும் ஏறிவிடும். அதனால் அது தண்ணீரில் நன்றாகப் பரவும். உலோக அயனிகளையும் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் கிராஃபீன் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது! எதற்காகக் கிராஃபீனைத் தேடிப் போனோமோ அந்தப் பண்பே அதில் இல்லை. எனவே ஒடுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். ஹைட்ரசீனோ அதிக வெப்பமோ கொடுத்தால் தாள் ஒடுங்கும், கூடவே எம்ஓஎஃப்பும் சிதையக்கூடும். முன்கூட்டியே ஒடுக்கிவிட்டால் படிகம் முளைக்கப் பிடிமானமான ஆக்சிஜன் தொகுதிகள் குறைந்துவிடும். பாதி ஒடுக்கிய தாளில் வளர்ப்பது நடைமுறையில் பலர் எடுக்கும் நடுவழி. கட்டுரையைப் படிக்கும்போது எந்தக் கட்டத்தில், எந்த முறையில் ஒடுக்கினார்கள் என்பதை முதலில் தேடுங்கள். அந்தத் தகவல் இல்லாத கட்டுரையில் மின்கடத்தல் பற்றிய விளக்கத்தை நம்புவதற்கு இடமில்லை.

ஹம்மர்ஸ் முறையைச் செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அமிலமும் பெர்மாங்கனேட்டும் சேரும்போது உருவாகும் மாங்கனீஸ் ஹெப்டாக்சைடு வெடிக்கும் தன்மையுடையது. பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, பெர்மாங்கனேட்டைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். அனுபவமுள்ள ஒருவர் உடனிருக்கட்டும்.

இரண்டையும் எப்படி இணைக்கிறார்கள்?

எளிய வழி, தனித்தனியாகத் தயாரித்து மீயொலியில் கலப்பது. தொடர்பு பலவீனமாக இருக்கும். கழுவினாலே படிகங்கள் உதிரும்.

தாளின் மீதே படிகத்தை வளர்ப்பது மேலான வழி. கிராஃபீன் ஆக்சைடு பரவிய திரவத்தில் முதலில் உலோக உப்பைச் சேர்த்து நேரம் கொடுத்தால் அயனிகள் ஆக்சிஜன் தொகுதிகளில் போய் அமரும். பிறகு இணைப்பானைச் சேர்த்தால் அந்த இடங்களிலிருந்து படிகம் முளைக்கும். ஜிஃப் வகைகளுக்கு மெத்தனாலில் அறை வெப்பநிலையே போதும். கார்பாக்சிலேட் வகைகள் பலவற்றுக்கு டைமெத்தில்ஃபார்மமைடில், டெஃப்லான் உறையிட்ட ஆட்டோகிளேவில், 100 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் வைக்க வேண்டியிருக்கும். சேர்க்கும் வரிசையை மாற்றினால் விளைபொருளும் மாறும். இணைப்பானை முதலில் ஊற்றிவிட்டு உலோகத்தைப் பின்னால் சேர்த்தால் படிகங்கள் தாளைவிட்டு விலகிக் கரைசலிலேயே முளைப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு கிராஃபீன் சேர்க்கலாம்?

எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. குறைவாக இருந்தால் தாள்கள் ஒன்றையொன்று தொடாமல் மின்பாதை அறுபடும். கூடினால் படிக வளர்ச்சி கெடும், நுண்துளைகள் மூடும், உலோக மையங்களின் விகிதமும் குறையும். நான்கைந்து விகிதங்களைத் தயாரித்து, ஒவ்வொன்றிலும் மின்கடத்தலையும் பரப்பளவையும் வினைத்திறனையும் சேர்த்தே அளந்து பாருங்கள்.

சூடாக்கிக் கார்பனாக்கிய பிறகும் அது எம்ஓஎஃப்தானா?

இல்லை. மந்த வாயுவில் 700 முதல் 1,000 டிகிரி வரை சூடாக்கினால் சட்டகம் முழுவதும் சிதைந்துவிடும். மிஞ்சுவது நைட்ரஜன் கலந்த நுண்துளைக் கார்பனும் அதில் பதிந்த உலோகமும். அதை எம்ஓஎஃப் வழிப் பொருள் என்று சொல்வதுதான் சரி.

ஆனால் இந்த வழி மிகப் பயனுள்ளது. துத்தநாகத்தின் கொதிநிலை 907 டிகிரி. அந்த அளவில் சூடாக்கும்போது ஜிஃப்-8-இல் உள்ள துத்தநாகம் ஒடுங்கி ஆவியாகிப் போய்விடும். அது இருந்த இடத்தில் துளை விழும். துத்தநாகமும் கோபால்ட்டும் கலந்த சட்டகத்தை எடுத்துக்கொண்டால், கோபால்ட் அணுக்களுக்கு இடையே துத்தநாகம் தடுப்பாக நின்று, அவை சேர்ந்து துகளாகாமல் பார்த்துக்கொண்டு, கடைசியில் தானும் விலகிக்கொள்கிறது. நைட்ரஜன்களின் பிடியில் கோபால்ட் அணுக்கள் தனித்தனியாக மிஞ்சுகின்றன. இத்துறையின் மிக அழகான வேதியியல் இதுதான் என்பேன். ஆக்சிஜன் ஒடுக்கத்தில் காரக் கரைசலில் பிளாட்டினத்தோடு போட்டியிடும் வினையூக்கிகள் இந்தக் குடும்பத்திலிருந்து வருகின்றன.

இங்கே கிராஃபீன், சூட்டில் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்காமல் தடுக்கிறது; தனித்தனிக் கார்பன் துகள்களை ஒரே மின்வலையாகவும் இணைக்கிறது.

சூடாக்காமல் அப்படியே பயன்படுத்தினால், வினையின்போது எம்ஓஎஃப் எம்ஓஎஃப்பாகவே இருக்குமா?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இது.

ஆக்சிஜன் வெளியேற்றத்தைப் பெரும்பாலும் 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சோதிக்கிறார்கள். பிஎச் 14. அந்தக் கரைசலில் ஹைட்ராக்சைடு அயனிகள், கரிம இணைப்பானைத் தள்ளிவிட்டு உலோகத்தோடு சேரப் போட்டியிடுகின்றன. கோபால்ட், நிக்கல் ஹைட்ராக்சைடுகள் மிகமிகக் குறைவாகவே கரைபவை, ஆகவே போட்டியில் ஹைட்ராக்சைடே வெல்கிறது. நிக்கல்-டெரிஃப்தாலேட் போன்றவை மின்னழுத்தமே கொடுக்காமல் ஊறவைத்தாலே ஹைட்ராக்சைடாக மாறத் தொடங்கிவிடும். ஜிஃப்-67, சாதாரண சுழற்சி வோல்ட்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் முறை) ஓட்டும்போதே கோபால்ட் ஹைட்ராக்சைடாகவும் ஆக்சிஹைட்ராக்சைடாகவும் மாறுகிறது. தயாரித்தபோது எடுத்த எக்ஸ்-கதிர் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், மின்னோட்டம் பாயும்போது மின்முனையில் இருப்பது வேறொரு பொருள்.

இதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. எம்ஓஎஃப் வழியாகப் பிறக்கும் ஹைட்ராக்சைடு மெல்லியதாக, குறைபாடுகள் நிறைந்ததாக, நீர் எளிதில் புகுவதாக இருக்கும்; உப்புக்கரைசலிலிருந்து நேரடியாக வீழ்படிவாக்கியதைவிடப் பல வேளைகளில் நன்றாக வேலை செய்யும். நிக்கல் ஹைட்ராக்சைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது என்பதால் கிராஃபீனின் தேவையும் அப்படியே இருக்கிறது. சட்டகம் போன பின்னும் தாள் நின்று துகள்களைப் பிரித்துவைக்கிறது, மின்பாதை தருகிறது. ஆனால் வினைத்திறனைச் சட்டகத்தின் நுண்துளைகளைக் கொண்டும், அதன் படிக அமைப்பில் செய்த குவாண்டம் கணக்கீட்டைக் கொண்டும் விளக்கினால் அந்த விளக்கம் தவறாகிவிடும். இல்லாத பொருளுக்குக் கணக்குப் போடுவதால் அடுத்த வினையூக்கியை வடிவமைக்க எந்த வழிகாட்டலும் கிடைக்காது.

ஆகவே வினைக்கு முன்னும் பின்னும் எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவு, ராமன், எக்ஸ்-கதிர் ஒளிஎலெக்ட்ரான் நிறமாலை மூன்றையும் எடுங்கள். மின்பகுளியில் இணைப்பான் கரைந்து வந்திருக்கிறதா என்று புறஊதா நிறமாலையில் பாருங்கள். இதற்குச் செலவும் குறைவு, நேரமும் குறைவு, பலரும் செய்வதில்லை. வாய்ப்பிருந்தால் வினை நடக்கும்போதே எக்ஸ்-கதிர் உட்கவர்தலை அளப்பது எல்லாவற்றிலும் உறுதியான சான்று.

கிராஃபீனாவது நிலையாக இருக்குமா?

எந்த வினை என்பதைப் பொறுத்தது. கார்பன் நீருடன் சேர்ந்து கார்பன் டைஆக்சைடாக ஆக்சிஜனேற்றம் அடைவதற்கான நிலை மின்னழுத்தம் ஏறக்குறைய 0.2 வோல்ட்தான். வேகம் குறைவு என்பதால் ஆக்சிஜன் ஒடுக்கம் நடக்கும் 0.6 முதல் 1 வோல்ட் வரையில் தாக்குப்பிடிக்கிறது. ஹைட்ரஜன் வெளியேற்றத்தில் கவலையே இல்லை. ஆக்சிஜன் வெளியேற்றத்துக்கு 1.5 வோல்ட்டுக்கு மேல் போகும்போது கார்பன் அரிக்கப்படுகிறது. அந்த அரிப்பின் மின்னோட்டமும் அளவீட்டில் ஆக்சிஜன் மின்னோட்டம் போலவே பதிவாகும். உண்டாகும் கார்பன் டைஆக்சைடு காரக் கரைசலில் கார்பனேட்டாகக் கரைந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. வெளிவரும் ஆக்சிஜனை வாயு நிறப்பிரிகையில் அளந்து, பாய்ந்த மின்னூட்டத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

உலோகமே இல்லாத கிராஃபீன் நன்றாக வினையூக்குகிறது என்கிறார்களே?

நைட்ரஜன் கலந்த கிராஃபீனுக்கு ஆக்சிஜன் ஒடுக்கத்தில் திறன் உண்டு. ஆனால் ஹம்மர்ஸ் முறையில் வந்த தாளில் மாங்கனீஸ் மிச்சமிருக்கும், இயற்கைக் கிராஃபைட்டில் இரும்பு இருக்கும். மிகச் சிறிய அளவே அளவீட்டை மாற்றப் போதும். 2020-இல் மார்ட்டின் புமேராவின் குழு பறவை எச்சத்தைக் கலந்து கிராஃபீன் தயாரித்து, அதுவும் கலப்பில்லாத கிராஃபீனைவிட நன்றாக வினையூக்குவதைக் காட்டியது. எதையாவது கலந்து ‘மேம்பட்டது’ என்று எழுதும் பழக்கத்தின் மீது வைக்கப்பட்ட நியாயமான விமர்சனம் அது. உங்கள் தாளில் உள்ள உலோகங்களின் அளவைத் தூண்டல் இணைப்பு பிளாஸ்மா முறையில் அளந்து எழுதிவிடுங்கள்.

அளவீட்டில் எங்கெங்கே ஏமாறுகிறோம்?

ஹைட்ரஜன் வெளியேற்றத்தைச் சோதிக்கும்போது துணை மின்முனையாகப் பிளாட்டினக் கம்பியை வைப்பது முதல் பொறி. நீண்ட சோதனையில் பிளாட்டினம் கரைந்து வந்து உங்கள் வினையூக்கியின் மேல் படியும். நேரம் ஆக ஆகத் திறன் ‘மேம்படுவது’ அதன் அடையாளம். கிராஃபைட் கோலைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது மின்பகுளியில் இருக்கும் இரும்பு. கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இரும்பு மிக நுண்ணிய அளவில் இருக்கும். நிக்கல் ஹைட்ராக்சைடு அதை உறிஞ்சிக்கொண்டு ஆக்சிஜன் வெளியேற்றத்தில் பன்மடங்கு திறன் பெறும். 1980-களிலேயே கவனிக்கப்பட்டு, 2014-இல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மை இது. நிக்கல் ஹைட்ராக்சைடு வீழ்படிவைக் கொண்டே கரைசலிலுள்ள இரும்பை முன்கூட்டி அகற்றிவிட முடியும்.

கிராஃபீன் சேர்ந்த பொருள்களுக்கே உரிய பொறி ஒன்று உண்டு. இரட்டை அடுக்கு மின்தேக்கத்தை, அதாவது மின்முனைப் பரப்பில் மின்னூட்டம் தேங்கும் அளவை அளந்து, அதிலிருந்து வினையூக்கப் பரப்பைக் கணக்கிடுவது வழக்கம். ஆனால் இங்கே மின்தேக்கத்தின் பெரும்பகுதி வினையில் பங்கெடுக்காத கிராஃபீனிலிருந்து வருகிறது. ‘பரப்பு பத்து மடங்கு கூடியது’ என்றால் கார்பன் கூடியது என்று மட்டுமே பொருள். இந்தக் கணக்கை வைத்து உலோக மையங்களின் எண்ணிக்கையைப் பேசக்கூடாது.

மின்தடைத் திருத்தமும், அதாவது கரைசலின் தடையில் இழக்கும் மின்னழுத்தத்தைக் கழிப்பதும், ஒரு பொறிதான். 5 ஓம் தடையில் 100 மில்லியாம்பியர் பாய்ந்தால் திருத்தம் 500 மில்லிவோல்ட். தடையைச் சிறிது கூட்டி எழுதினாலே மிகைமின்னழுத்தம் அற்புதமாகக் குறைந்துவிடும். திருத்தத்துக்கு முந்தைய வளைவையும் வெளியிடுவதே நேர்மை.

சுழலும் தட்டு மின்முனையில் 0.1 மோலார் காரத்தில், நிமிடத்துக்கு 1,600 சுற்றில், நான்கு எலெக்ட்ரான் ஆக்சிஜன் ஒடுக்கத்தின் எல்லை மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லியாம்பியரை ஒட்டியே இருக்கும். அதைத் தெளிவாகத் தாண்டினால் மகிழாதீர்கள். நைட்ரஜனில் எடுத்த பின்புல மின்னோட்டத்தைக் கழித்தீர்களா என்று பாருங்கள்.

கார்பன் டைஆக்சைடு ஒடுக்கத்தில் தனியாக ஏதேனும் கவனிக்க வேண்டுமா?

விளைபொருளிலுள்ள கார்பன் எங்கிருந்து வந்தது என்பதை. இணைப்பானும் கார்பன், தாளும் கார்பன், துளைகளில் தங்கிய டைமெத்தில்ஃபார்மமைடும் கார்பன். கார்பன்-13 கொண்ட கார்பன் டைஆக்சைடை ஊட்டி, விளைபொருளில் அந்த ஐசோடோப்பு வருகிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

தாமாகவே மின்கடத்தும் எம்ஓஎஃப்கள் வந்துவிட்டனவே?

ஆம். நிக்கலும் ஹெக்சாஅமினோட்ரைஃபெனிலீனும் சேர்ந்த அடுக்குச் சட்டகம் 2014-இல் வெளியானது. படலமாக எடுத்தால் சென்டிமீட்டருக்கு 40 சீமென்ஸ் அளவுக்குக் கடத்தியது. பிறகு கிராஃபீன் துணையின்றியே ஆக்சிஜன் ஒடுக்கத்திலும் பயன்பட்டது. ஆனால் மின்கடத்தும் சட்டகங்கள் இன்னும் சிலவே; இணைப்பான்களைத் தயாரிப்பதும் கடினம். மற்றவற்றுக்குக் கிராஃபீன் தேவைப்படும்.

அமிலத்தில் வேலை செய்யுமா?

ஜிஃப் வகைகள் கரைந்துவிடும். சிர்கோனியத்தால் ஆன யுஐஓ-66 தாங்கும், ஆனால் சிர்கோனியத்துக்குப் பெரிய வினைத்திறன் இல்லை. வேறு உலோகத்தை அதில் ஏற்ற வேண்டும். கார்பனாக்கிய இரும்பு-நைட்ரஜன் பொருள்கள் அமிலத்தில் ஆக்சிஜனை ஒடுக்கும், ஆயுள்தான் போதவில்லை.

தொழிற்சாலைக்கு எப்போது வரும்?

ஆய்வகத்தில் ஒப்பிடும் அளவு சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லியாம்பியர். புரோட்டான் பரிமாற்றச் சவ்வு மின்பகுப்பான்கள் ஓடுவது 1 முதல் 2 ஆம்பியரில், அதாவது நூறு முதல் இருநூறு மடங்கில், ஆயிரக்கணக்கான மணி நேரம். அங்கே குமிழிகள் வினையூக்கியைப் பெயர்த்தெடுக்கும், வெப்பநிலை கூடும், கார்பன் அரிப்பும் கூடும். இருபது மணி நேரச் சோதனையைக் கொண்டு இதை ஊகிக்க முடியாது. கார ஊடகத்தில் ஓடும் எதிரயனிச் சவ்வுக் கலங்களிலும் துத்தநாக-காற்று மின்கலங்களிலும் இவற்றுக்கு முதலில் இடம் கிடைக்கும் என்பது என் கணிப்பு.

புதிதாகத் தொடங்குபவர் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ஜிஃப்-67-உம் கிராஃபீன் ஆக்சைடும். மெத்தனால், அறை வெப்பநிலை, ஆட்டோகிளேவ் வேண்டாம். தாமிர எக்ஸ்-கதிரில் ஜிஃப்-67-இன் கூர்மையான முகடு 7.3 டிகிரி அருகே, கிராஃபீன் ஆக்சைடுடையது 10 முதல் 11 டிகிரியில், ஒடுக்கிய பின் அகன்ற மேடு 25 டிகிரியை ஒட்டி. என்ன நடந்தது என்பது வரைபடத்திலேயே தெரியும்.

கூட்டுப்பொருளோடு நிறுத்திவிடாதீர்கள். எம்ஓஎஃப் மட்டும், ஒடுக்கிய கிராஃபீன் ஆக்சைடு மட்டும், இரண்டின் வெறும் கலவை ஆகிய மூன்றையும் அதே நாளில் அதே கரைசலில் அளங்கள். நான்காவதாக, அதே தாளின் மீது அதே அளவு கோபால்ட்டைச் சட்டகமே இல்லாமல் ஹைட்ராக்சைடாக வீழ்படிவாக்கியும் ஒன்றைத் தயாரியுங்கள். ஒரு பிற்பகல் வேலைதான். கூட்டுப்பொருள் அந்த நான்காவதை வென்றால், எம்ஓஎஃப் வழி வந்ததால் கிடைத்த பலன் இன்னது என்று எண்ணோடு எழுதலாம்.